ஜெனரேட்டரில் எர்த் ஃபால்ட்: அறிகுறியைப் பிடித்துக் காரணத்துக்குப் போகும் வழி

ஜெனரேட்டர் எர்த் ஃபால்ட்டில் (மின்கம்பியோ வைண்டிங்கோ பாடியிலோ மண்ணிலோ ஒட்டிக் கரண்ட் போவது) ட்ரிப் ஆனதும் பல இடங்களில் முதலில் நடப்பது ரீசெட் பட்டனை அமுக்குவது. மறுபடியும் ட்ரிப் ஆனால் ரிலே (ஃபால்ட்டை உணர்ந்து பிரேக்கரைத் திறக்கும் கருவி) வயரைக் கழற்றிவிட்டு ஓட்டுவார்கள். அதற்கும் அடங்கவில்லை என்றால் ஆல்டர்னேட்டரை (செட்டில் மின்சாரம் உண்டாக்கும் பகுதி) இறக்கி வைண்டிங் கடைக்கு அனுப்புவார்கள். வைண்டிங்கில் ஒரு காயில் (கம்பிச் சுருள்) எரிந்தால் அந்தக் காயிலோடு போகும். எர்த் ஃபால்ட்டோடு மறுபடி மறுபடி ஓட்டினால் ஸ்டேட்டர் கோரின் (சுழலாத பகுதியின் இரும்பு அடுக்கு) தகடுகள் உருகி ஒட்டிக்கொள்ளும். அதன்பிறகு ரீவைண்டிங் செய்தாலும் அதே இடம் சூடேறி மறுபடி எரியும். கோரைப் பிரித்து அடுக்கும் செலவு பல நேரம் புது மெஷின் விலைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும்.

கீழே உள்ளது மதுரை, திருமங்கலம், மேலூர், வாடிப்பட்டி வட்டாரத்து நூற்பு மில், கிரானைட் பாலிஷ் ஆலை, மருத்துவமனைகளில் ஓடும் 415 வோல்ட் டீசல் செட்டுக்கும் பொருந்தும். சர்க்கரை ஆலை கோஜெனரேஷன் (சக்கையிலிருந்து மின்சாரம்), தேனிப் பக்கத்து நீர்மின் நிலையம் போன்ற இடங்களில் ஓடும் உயர் அழுத்த மெஷினுக்கும் பொருந்தும். உங்கள் மெஷினின் அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்குப் போங்கள். அதற்குமுன் அடுத்த இரண்டு பகுதிகளையும் எல்லோரும் படித்தாக வேண்டும்.

முதல் வேலை: நியூட்ரல் எங்கே போகிறது?

டெர்மினல் பாக்ஸில் ஸ்டார் பாயின்ட்டிலிருந்து (மூன்று ஃபேஸ் வைண்டிங்கும் சேரும் புள்ளி, அதாவது நியூட்ரல்) கிளம்பும் கேபிளைக் கண்ணால் பின்தொடர்ந்து போங்கள். டிராயிங்கை நம்பாதீர்கள், நேரில் பாருங்கள். மூன்றில் ஒன்றாக இருக்கும்.

நேரே எர்த் குழிக்குப் போனால் அது நேரடி எர்த்திங். 415 வோல்ட் செட்டுகள் பெரும்பாலும் இப்படித்தான். இதில் எர்த் ஃபால்ட் கரண்ட் மூன்று ஃபேஸ் ஷார்ட்டையும் தாண்டிப் போகலாம். பெரிய உயர் அழுத்த மெஷின்களுக்கு இந்த முறை வைக்காததற்குக் காரணம் அதுதான்.

இடையில் கம்பி வலைக் கூண்டுக்குள் ரெசிஸ்டர் இருந்தால் அது என்ஜிஆர் (நியூட்ரல் கிரவுண்டிங் ரெசிஸ்டர்). 11 கிலோவோல்ட் பஸ்ஸில் (மெஷின்களும் ஃபீடர்களும் சேரும் பொதுக் கம்பி) நேராகச் சேரும் மெஷின்களில் பார்க்கலாம். 100 முதல் 400 ஆம்பியர், 10 செகண்ட் என்று நேம்பிளேட்டில் இருக்கும்.

சின்ன சிங்கிள் ஃபேஸ் டிரான்ஸ்ஃபார்மரும் அதன் செகண்டரியில் ஒரு ரெசிஸ்டரும் இருந்தால் அது என்ஜிடி (நியூட்ரல் கிரவுண்டிங் டிரான்ஸ்ஃபார்மர்). தனக்கென்று ஒரு ஸ்டெப்-அப் டிரான்ஸ்ஃபார்மர் வைத்திருக்கும் யூனிட்டுகளுக்கு உரியது. ஃபால்ட் கரண்டை 5 முதல் 10 ஆம்பியருக்குள் அடக்கிவிடும். கோர் எரியாமல் காப்பாற்றும் முறை இதுதான்.

நியூட்ரல் எங்குமே போகவில்லை, முனையில் டேப் சுற்றி விட்டிருக்கிறது என்றால் மெஷினை ஓட்டாதீர்கள். யாரோ ட்ரிப் தொல்லை தாங்காமல் கழற்றியிருக்கிறார்கள்.

இன்னொன்றும் பாருங்கள். எர்த் ஃபால்ட் ரிலேயின் கான்டாக்ட் எதையெல்லாம் ட்ரிப் செய்கிறது? பல டிஜி (டீசல் ஜெனரேட்டர்) பேனல்களில் அது ஏசிபியை (ஏர் சர்க்யூட் பிரேக்கர்) மட்டும் திறக்கும். ஃபால்ட் ஃபீடரில் (லோடுக்குப் போகும் லைன்) இருந்தால் அது போதும். ஃபால்ட் வைண்டிங்குக்குள்ளேயே இருந்தால், பிரேக்கர் திறந்த பிறகும் மெஷின் தன் ஃபால்ட்டுக்குத் தானே கரண்ட் கொடுத்துக்கொண்டு நிற்கும். பிரேக்கர், எக்ஸைட்டேஷன் (ரோட்டாருக்குக் காந்தமூட்டும் கரண்ட்), இன்ஜின் அல்லது டர்பைன் மூன்றும் சேர்ந்து நிற்க வேண்டும். இல்லையென்றால், வேறெதையும் தேடும் முன் இதைச் சரிசெய்யுங்கள்.

கைவைக்கும் முன்

மெஷினை நிறுத்தி, ஏசிபி அல்லது விசிபியை (உயர் அழுத்த வேக்கூம் பிரேக்கர்) வெளியே இழுத்துப் பூட்டுங்கள். இன்ஜின் பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். ஆட்டோ ஸ்டார்ட் செட் ஈபி போனதும் தானாக ஓடத் தொடங்கும். வோல்ட்டேஜ் இல்லை என்று டெஸ்டரால் உறுதிசெய்து, அதன்பின் எர்த் போடுங்கள். மெஷின் ஓடும்போது நியூட்ரல் லிங்க்கையோ என்ஜிஆர் கூண்டையோ தொடவே கூடாது. எல்லாம் சரியாக இருக்கும்போது அங்கே வோல்ட்டேஜ் இருக்காது என்பது உண்மை. ஆனால் நீங்கள் அங்கே கைவைக்கும் நேரத்தில் ஃபால்ட் வந்தால் 11 கிலோவோல்ட் மெஷினின் நியூட்ரல் 6,350 வோல்ட்டுக்கு ஏறும்.

மெகர் (இன்சுலேஷன் ரெசிஸ்டன்ஸ் அளக்கும் மீட்டர்) போடும் முன் ஏவிஆர் (ஆட்டோமேட்டிக் வோல்ட்டேஜ் ரெகுலேட்டர்) வயர்கள், பிடி (வோல்ட்டேஜ் அளக்கும் டிரான்ஸ்ஃபார்மர்), சர்ஜ் கெப்பாசிட்டர், லைட்னிங் அரெஸ்டர், நியூட்ரல் லிங்க் எல்லாவற்றையும் கழற்றுங்கள். மெகர் போட்ட நேரத்தைப்போல் நான்கு மடங்கு நேரம் வைண்டிங் எர்த்தில் கிடக்க வேண்டும். பத்து நிமிடம் போட்டால் 40 நிமிடம்.

அறிகுறி 1: 415 வோல்ட் செட். லோடு போட்டதும், அல்லது ஈபியிலிருந்து மாறியதும் எர்த் ஃபால்ட் ட்ரிப்

லோடு இல்லாமல் ஓடும்போது ட்ரிப் ஆகவில்லை என்றால் ஆல்டர்னேட்டர் பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறது. வைண்டிங்கைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

*எல்லா லோடிலும் இல்லை, ஒரு ஃபீடரில் மட்டும் ட்ரிப் ஆனால்.* செலவே இல்லாத சோதனை இது. ஃபீடர்களை எல்லாம் ஆஃப் செய்து ஒவ்வொன்றாகப் போடுங்கள். எதைப் போட்டதும் ட்ரிப் ஆகிறதோ அதைப் பிரித்து 500 வோல்ட் மெகர் போடுங்கள். நூற்பு மில்லில் ஹியூமிடிஃபிகேஷன் பிளான்ட் பம்ப் மோட்டார், கிரானைட் ஆலையில் தண்ணீர் கொட்டும் பாலிஷ் மெஷின் மோட்டார், மருத்துவமனையில் போர்வெல் சப்மெர்சிபிள் மோட்டாரின் கேபிள் ஜாயின்ட் ஆகிய மூன்றும் முதலில் பார்க்க வேண்டிய இடங்கள். டெர்மினல் பாக்ஸ் மூடியைத் திறந்தும் பாருங்கள். உள்ளே பல்லி செத்துக் கிடப்பதும், எலி கேபிளைக் கடித்து வைத்திருப்பதும் இங்கே சாதாரணம். கிளாண்டு போடாமல் ஓட்டையாக விட்ட பாக்ஸில்தான் இது வரும். ஒரு சின்னக் கிளாண்டு பிளக் மோட்டாரைக் காப்பாற்றும்.

*சிங்கிள் ஃபேஸ் லோடு ஏற ஏற ட்ரிப் நெருங்கினால்.* பகலில் மோட்டார்கள் ஓடும்போது ஒன்றுமில்லை, மாலையில் லைட்டும் ஏசியும் போட்டதும் ட்ரிப் ஆகிறதா? சிடி (கரண்ட் அளக்கும் டிரான்ஸ்ஃபார்மர்) இணைப்பில் கோளாறு. நான்கு வயர் சிஸ்டத்தில் மூன்று ஃபேஸ் சிடியோடு நியூட்ரல் சிடியும் சேர வேண்டும். அது இல்லையென்றால் அன்பேலன்ஸ் கரண்ட் முழுவதும் எர்த் ஃபால்ட்டாகத் தெரியும். சோதிக்க எளிய வழி உண்டு. ஒரே ஃபேஸில் 20 ஆம்பியர் ஹீட்டர் லோடு மட்டும் போட்டு, ரிலேயில் எர்த் கரண்ட் எவ்வளவு காட்டுகிறது என்று பாருங்கள். 0 காட்டினால் சரி. 20 காட்டினால் நியூட்ரல் சிடி இல்லை அல்லது அதன் வயர் அறுந்திருக்கிறது. 40 காட்டினால் நியூட்ரல் சிடி தலைகீழாக மாட்டப்பட்டிருக்கிறது. அந்த சிடியின் எஸ்1, எஸ்2 முனைகளை மாற்றிப் போட்டால் முடிந்தது. முனையைக் கழற்றும்போது மெஷின் நின்றிருக்க வேண்டும். ஓடும் மெஷினில் சிடி செகண்டரியைத் திறந்தால் அங்கே வரும் வோல்ட்டேஜ் ஆளைக் கொல்லும்.

கோர் பேலன்ஸ் சிடி (எல்லாக் கேபிளும் ஒரே வளையத்துக்குள் போகும் சிடி) வைத்த பேனல் என்றால், மூன்று ஃபேஸும் நியூட்ரலும் வளையத்துக்குள் போகின்றனவா என்று பாருங்கள். புதுக் கேபிள் இழுத்தவர்கள் நியூட்ரலை வளையத்துக்கு வெளியே விட்டுவிடுவது வழக்கமான கோளாறு.

*நியூட்ரலும் எர்த்தும் எங்கோ கலந்திருந்தால்.* இது கொஞ்சம் நேரம் பிடிக்கும் வேலை. அறிகுறி தெளிவானது: மெஷின் ஓடும்போது, நியூட்ரலையும் எர்த்தையும் சேர்க்கும் பட்டையில் டாங் டெஸ்டர் (கேபிளைக் கவ்விக் கரண்ட் அளக்கும் மீட்டர்) வைத்தால் சில ஆம்பியர் தெரியும். நல்ல சிஸ்டத்தில் அங்கே ஏறக்குறைய ஒன்றுமே இருக்கக் கூடாது. தேடும் வரிசை:

1. சேஞ்ச்ஓவர் (ஈபிக்கும் டிஜிக்கும் மாற்றும் ஸ்விட்ச்) மூன்று போலா (ஃபேஸ் மட்டும்), நான்கு போலா (நியூட்ரலும் சேர்த்து)? மூன்று போல் என்றால் ஈபி டிரான்ஸ்ஃபார்மர் நியூட்ரலும் டிஜி நியூட்ரலும் எப்போதும் ஒட்டியே இருக்கின்றன. இரண்டு இடத்தில் எர்த் ஆன நியூட்ரலில் கரண்டின் ஒரு பகுதி மண் வழியாகத் திரும்பும். நான்கு போல் சேஞ்ச்ஓவர்தான் தீர்வு. நியூட்ரல் முனை கடைசியில் திறந்து முதலில் மூடும் வகையாகப் பார்த்து வாங்குங்கள்.

2. சேஞ்ச்ஓவர் சரி என்றால் தவறு லோடு பக்கம் இருக்கிறது. ஈபி, டிஜி இரண்டையும் நிறுத்தி, சேஞ்ச்ஓவரை ஆஃப்பில் வைத்து, யுபிஎஸ், டிரைவ், எல்இடி டிரைவர் எல்லாவற்றையும் பிரித்துவிட்டு, நியூட்ரல் பஸ்ஸுக்கும் எர்த்துக்கும் மெகர் போடுங்கள். 0 காட்டினால் நியூட்ரல் லிங்க்குகளைப் பாதிப் பாதியாகக் கழற்றிக்கொண்டே போங்கள். கடைசியில் ஏதோ ஒரு மெஷினின் கண்ட்ரோல் பேனலில் நியூட்ரலையும் பாடியையும் லூப் செய்த ஒரு துண்டு வயரில் வந்து நிற்பீர்கள். காம்பவுண்டு லைட் கம்பங்களையும் விடாதீர்கள்.

டிரைவ் நிறைய உள்ள மில்லில், ஃபில்டர் வழியாக எப்போதுமே கொஞ்சம் லீக்கேஜ் எர்த்துக்குப் போகும். அங்கே மெயினில் 30 மில்லி ஆம்பியர் வைத்தால் மில் ஓடாது. மனிதர் தொடும் சாக்கெட்டுக்கு 30 மில்லி ஆம்பியர், டிரைவ் ஃபீடருக்கு 300 மில்லி ஆம்பியரும் சிறு தாமதமும் என்று பிரித்து வையுங்கள்.

இத்தனையும் பார்த்தபின், லோடே இல்லாமல் எக்ஸைட்டேஷன் வந்ததும் ட்ரிப் ஆகிறது, எல்லாக் கேபிளையும் கழற்றிய பிறகும் ஆகிறது என்றால் வைண்டிங் போய்விட்டது. அப்போது நல்ல வைண்டிங் கடையை, அல்லது ஆல்டர்னேட்டர் கம்பெனியின் சர்வீஸ் ஆளைக் கூப்பிடுங்கள்.

அறிகுறி 2: ட்ரிப் ஆகவில்லை. ஆனால் செட்டின் பாடியைத் தொட்டால் ஷாக், அல்லது சில ஃபேஸில் வோல்ட்டேஜ் ஏறி பல்புகள் எரிந்து போகின்றன

இரண்டும் வேறு வேறு கோளாறு, சேர்ந்தும் வரும்.

வோல்ட்டேஜ் ஏறினால் லைனுக்கு லைன் அளந்து பாருங்கள். 415 அப்படியே இருந்து, ஃபேஸ் டு நியூட்ரல் மட்டும் ஒன்றில் 170, இன்னொன்றில் 290 என்று அலைந்தால் நியூட்ரல் லூஸ் ஆகியிருக்கிறது. உடனே நிறுத்துங்கள். டெர்மினல் பாக்ஸ் நியூட்ரல் போல்ட், ஏசிபியின் நான்காவது போல், சேஞ்ச்ஓவர் நியூட்ரல் முனை என்ற வரிசையில் பாருங்கள். கறுத்த லக், உருகிய ஸ்லீவ் கண்ணிலேயே தெரியும். லக்கை வெட்டிப் புதிது போடுங்கள். கறுத்த லக்கைத் தேய்த்து மறுபடி முறுக்கினால் ஒரு வாரம்கூடத் தாங்காது.

பாடியில் ஷாக் அடிப்பது பெரும்பாலும் எர்த் குழியின் விஷயம். இங்கே ஒரு தவறான நம்பிக்கையைச் சொல்லியாக வேண்டும். "நியூட்ரல் எர்த்தையும் பாடி எர்த்தையும் கலக்கவே கூடாது" என்று தனித்தனிக் குழி தோண்டி, இடையில் எந்த இணைப்பும் இல்லாமல் விட்டிருப்பார்கள். குழிகள் தனித்தனியாக இருப்பது சரி. நியூட்ரலுக்கு இரண்டு, பாடிக்கு இரண்டு என நான்கு குழி வைப்பது நல்ல வழக்கம். ஆனால் எல்லாமே தரைக்கு மேலே பட்டையால் ஒன்றாகச் சேர வேண்டும். கணக்குப் போட்டால் புரியும். நியூட்ரல் குழி 4 ஓம், பாடிக் குழி 4 ஓம் என்று வையுங்கள். ஃபேஸ் பாடியில் ஒட்டினால் 240 வோல்ட் 8 ஓம் வழியாகப் போகும். வெறும் 30 ஆம்பியர். 100 ஆம்பியர் எம்சிசிபி பிரேக்கர் அதைக் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. பாடி 120 வோல்ட்டில் நின்றுகொண்டே இருக்கும். பட்டை இணைப்பு இருந்தால் கரண்ட் மண்ணுக்குள் போகாமல் உலோகம் வழியாகவே திரும்பி, பல நூறு ஆம்பியர் ஓடி, பிரேக்கர் உடனே விழும்.

பட்டை இருந்தும் ஷாக் என்றால் பட்டையின் போல்ட்டுகளையும், குழிக்குள் பட்டை பைப்போடு சேரும் கிளாம்பையும் பாருங்கள். உப்புப் போட்ட குழியில் ஜிஐ கிளாம்ப் அரித்து, மேலே பெயின்ட் மட்டும் நிற்கும். ஸ்பேனர் வைத்தால் கையோடு வரும்.

அதன்பின் குழியின் ரெசிஸ்டன்ஸ். மெஷினை நிறுத்தி, ஒரு குழியை மட்டும் கழற்றி எர்த் டெஸ்டரால் அளங்கள். கரண்ட் ஸ்பைக் 30 மீட்டர் தள்ளி, பொட்டன்ஷியல் ஸ்பைக் அதே கோட்டில் 18.5 மீட்டரில். அதை 2 மீட்டர் முன்னும் பின்னும் நகர்த்தி மறுபடி அளங்கள். மூன்று ரீடிங்கும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால்தான் அளவு நம்பத்தக்கது. எல்லாக் குழியும் சேர்ந்து 1 ஓமுக்குள் வருவது நல்லது.

மண் எது என்பதைப் பொறுத்து வைத்தியம் மாறும். திருமங்கலம், கள்ளிக்குடி, டி.கல்லுப்பட்டிப் பக்கம் கரிசல். ஈரம் இருக்கும்போது இதைவிட நல்ல எர்த் மண் கிடையாது. சித்திரை, வைகாசியில் வெடிப்பு விட்டு பைப்பை விட்டே விலகிவிடும். கார்த்திகையில் அளந்து 1 ஓம் என்று எழுதி வைத்த குழி மே மாதத்தில் பல ஓம் காட்டும். எனவே அளக்க வேண்டிய மாதம் மே. அங்கே உப்புக் கரியைவிட பென்டோனைட் (ஈரம் உறிஞ்சும் களிமண்) நிரப்பிய குழி ஈரத்தைப் பிடித்து வைக்கும். மேலூர், கொட்டாம்பட்டிப் பக்கம் அடியில் பாறை. இரண்டரை மீட்டர் பைப் இறங்கவே இறங்காது. பாதியை வெட்டிவிட்டுப் புதைத்திருப்பார்கள். அங்கே ஆழமாகப் போர் போட்டு எலக்ட்ரோடு இறக்குவதோ, பக்கவாட்டில் நீளப் பட்டை புதைப்பதோதான் வழி. குழிகளுக்கிடையே எலக்ட்ரோடு நீளத்தைப்போல் இரண்டு மடங்கு இடைவெளி வேண்டும். பக்கத்தில் பக்கத்தில் நான்கு குழி தோண்டுவது பணத்தை மண்ணில் போடுவதுதான்.

அறிகுறி 3: தனித்தனியாக ஓடும்போது ஒன்றுமில்லை. இரண்டு செட்டை பேரலல் செய்ததும் நியூட்ரலில் கரண்ட், எர்த் ஃபால்ட் ட்ரிப்

லோடு இல்லாமல் பேரலல் செய்து, இரண்டு மெஷின்களின் நியூட்ரல் கேபிளிலும் ட்ரூ ஆர்எம்எஸ் டாங் டெஸ்டர் வையுங்கள். சாதாரண டாங் டெஸ்டர் இந்த இடத்தில் ஏமாற்றும். ஃப்ரீக்வென்சி காட்டும் மீட்டரானால் 150 ஹெர்ட்ஸ் தெரியும். அது ஃபால்ட் இல்லை. இரண்டு மெஷினும் உண்டாக்கும் மூன்றாம் ஹார்மோனிக் (50 ஹெர்ட்ஸின் மூன்று மடங்கு வேக அலை) ஒன்றுபோல் இல்லாததால் நியூட்ரல் வழியாகச் சுற்றும் கரண்ட். ஒரு கம்பெனி ஆல்டர்னேட்டரோடு வேறு கம்பெனி ஆல்டர்னேட்டரைச் சேர்த்தால், வைண்டிங் பிட்ச் வேறாக இருந்தால், இது வரும்.

தீர்வு, ஒரு நேரத்தில் ஒரு மெஷினின் நியூட்ரல் மட்டும் எர்த்தில் இருப்பது. ஒவ்வொரு மெஷினுக்கும் நியூட்ரல் கான்டாக்டர் வைத்து இன்டர்லாக் போடுவார்கள். அந்த இன்டர்லாக்கை இரண்டு விதமாகச் சோதியுங்கள்: இரண்டு கான்டாக்டர் சேர்ந்து மூடக் கூடாது, நியூட்ரல் போட்டிருந்த மெஷின் நின்றால் மற்றதன் கான்டாக்டர் உடனே மூட வேண்டும். இரண்டாவதைப் பலர் சோதிப்பதே இல்லை. ஒன்றும் மூடாமல் போனால் மொத்த பஸ்ஸும் எர்த் இல்லாமல் ஓடும்.

கரண்ட் நியூட்ரலில் இல்லாமல் ஃபேஸ்களில் சுற்றுகிறது, 50 ஹெர்ட்ஸ்தான் காட்டுகிறது என்றால் அது எர்த் ஃபால்ட் சமாசாரமே இல்லை. ஏவிஆர் ட்ரூப் செட்டிங் (ரியாக்டிவ் லோடைப் பகிர வோல்ட்டேஜைச் சற்று இறக்கும் அளவு) பொருந்தவில்லை. பேனல்காரரைக் கூப்பிடுங்கள்.

அறிகுறி 4: 11 கிலோவோல்ட், என்ஜிஆர் உள்ள மெஷின் ட்ரிப், அல்லது ட்ரிப் ஆக வேண்டியது ஆகவில்லை

ட்ரிப் ஆனால் ரிலே ஈவென்ட்டில் நேரத்தைப் பாருங்கள். ஃபீடர் ரிலே பிக்கப் ஆகியும் (ஃபால்ட்டை உணர்ந்தும்), அது ட்ரிப் கொடுக்கும் முன் ஜெனரேட்டர் ரிலே முந்திக்கொண்டது என்றால் மெஷினில் குறை இல்லை. செட்டிங் ஒருங்கிணைப்பில் குறை. ஃபீடர் எர்த் ஃபால்ட் முதலில் விழ வேண்டும், ஜெனரேட்டர் பிறகு.

ட்ரிப் ஆகாதது இதைவிட மோசம். என்ஜிஆர் திறந்து போயிருந்தால் மெஷின் எர்த் இல்லாமல் ஓடும், வெளியே ஒன்றும் தெரியாது. ஃபால்ட் வந்தால் நல்ல ஃபேஸ்கள் இரண்டும் 11 கிலோவோல்ட்டுக்கு ஏறி, வேறு எங்காவது இன்சுலேஷன் உடையும். வருடத்தில் ஒருமுறையாவது மெஷின் நின்றிருக்கும்போது இருபுறமும் கழற்றி ஓம் அளங்கள். 400 ஆம்பியர் என்ஜிஆர் என்றால் 6,350 ÷ 400, அதாவது 15.9 ஓம் இருக்க வேண்டும். 100 ஆம்பியர் என்றால் 63.5 ஓம். பத்து சதவீதத்துக்கு மேல் விலகினால் கிரிட்டைத் திறந்து பாருங்கள். விரிசல் விட்ட பீங்கான், லூஸான இணைப்பு போல்ட், உடைந்த வார்ப்பிரும்பு கிரிட் ஆகியவையே காரணமாக இருக்கும். சர்க்கரை ஆலைகளில் கூண்டுக்குள் சக்கைத் தூசு படிந்து, மழை ஈரத்தில் ஊறிக் கிடக்கும். அதைத் தட்டிவிட்டு, பீங்கானைத் துடைத்து, மறுபடி அளங்கள்.

மூன்று மெஷின் ஒரே பஸ்ஸில், மூன்றிலும் 400 ஆம்பியர் என்ஜிஆர், மூன்றும் மூடியிருக்கின்றன என்றால் ஃபால்ட்டில் 1,200 ஆம்பியர் போகும். ஒரு மெஷினின் கோர் தாங்குவதற்கு அது மிக அதிகம். ஒன்றை மட்டும் மூடி வையுங்கள்.

ரிலேயும் சிடியும் வேலை செய்கிறதா என்பதைப் பிரைமரி இன்ஜெக்ஷனால்தான் (சிடி வழியாக உண்மையான கரண்டைச் செலுத்தும் சோதனை) உறுதிசெய்ய முடியும். அது டெஸ்டிங் ஏஜென்சியின் வேலை.

அறிகுறி 5: என்ஜிடி உள்ள யூனிட்டில் 59என் அலாரம் அல்லது ட்ரிப்

59என் என்பது நியூட்ரலில் வோல்ட்டேஜ் ஏறினால் இயங்கும் ரிலே. இங்கே ரீசெட் செய்து ஒருமுறைகூட ஓட்டிப் பார்க்கக் கூடாது. ரிலேயில் பதிவான வோல்ட்டேஜைக் குறித்துக்கொள்ளுங்கள். ஃபால்ட் எங்கே என்பதை அதுவே பாதி சொல்லிவிடும்.

11,000/240 வோல்ட் என்ஜிடி என்று வைத்துக்கொள்வோம். மெஷின் டெர்மினலில் முழு எர்த் ஃபால்ட் வந்தால் செகண்டரியில் 138 அல்லது 139 வோல்ட் வரும். ரெசிஸ்டர் சுமார் 0.6 ஓம், அதில் 230 ஆம்பியர் போகும், ஃபால்ட்டில் 5 ஆம்பியர்தான் போகும். ரிலேயில் பதிவானது 138 என்றால் ஃபால்ட் டெர்மினல் முனையில் அல்லது அதற்கு வெளியே. 70 என்றால் வைண்டிங்கின் நடுவில். 15 என்றால் நியூட்ரலுக்குப் பக்கத்தில். ஃபால்ட்டில் ரெசிஸ்டன்ஸ் இருந்தால் கணக்கு தள்ளிப்போகும். இருந்தாலும் தேடத் தொடங்கும் இடம் கிடைத்துவிடும்.

*முழு வோல்ட்டேஜ் பதிவாகியிருந்தால்* மெஷினைத் திறக்காதீர்கள். பஸ் டக்ட், பிடி பெட்டி, சர்ஜ் கெப்பாசிட்டர், யூனிட் டிரான்ஸ்ஃபார்மர் புஷிங் என்று வெளியே இருப்பவற்றை முதலில் பாருங்கள். பஸ் டக்ட்டுக்குள் தண்ணீர் இறங்கிய தடம், செத்த அணில், பிடி பெட்டியில் உடைந்த இன்சுலேட்டர். மெஷின் டெர்மினலில் லிங்க்கைக் கழற்றி, இரண்டு பக்கத்தையும் தனித்தனியாக மெகர் போட்டால் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும்.

*ஃபேஸ் வோல்ட்டேஜ்களைச் சேர்த்துப் பாருங்கள்.* ஒரு ஃபேஸ் எர்த்துக்கு இறங்கி, மற்ற இரண்டும் ஏறி, லைன் வோல்ட்டேஜ்கள் மாறாமல் இருந்தால் உண்மையான எர்த் ஃபால்ட். ஒரு ஃபேஸ் இறங்கி, மற்ற இரண்டும் ஏறாமல், லைன் வோல்ட்டேஜ்களும் சேர்ந்து இறங்கி, என்ஜிடி செகண்டரியில் ஒன்றும் வராமல் இருந்தால் பிடி ஃபியூஸ் போயிருக்கிறது. ஓப்பன் டெல்டா பிடியிலிருந்து (மூன்று ஃபேஸ் வோல்ட்டேஜையும் கூட்டித் தரும் இணைப்பு) ரிலேக்குக் கொடுத்திருக்கும் நிலையங்களில் இந்தக் குழப்பம் அடிக்கடி வரும்.

*லோடு ஏறும்போது மட்டும் அலாரம் வந்தால்* மூன்றாம் ஹார்மோனிக்கைச் சந்தேகியுங்கள். நியூட்ரலில் 150 ஹெர்ட்ஸ் வோல்ட்டேஜ் எப்போதும் கொஞ்சம் இருக்கும், லோடோடு மாறும். ரிலே 50 ஹெர்ட்ஸை மட்டும் பார்க்கும்படி ஃபில்டர் ஆன் ஆகியிருக்கிறதா என்று செட்டிங்கில் பாருங்கள். பிக்கப்பை (ரிலே இயங்கத் தொடங்கும் அளவு) ஏற்றி அலாரத்தை நிறுத்துவது தீர்வு ஆகாது. 7 வோல்ட்டில் வைத்தால் வைண்டிங்கின் 95 சதவீதம் ரிலேயின் கண்ணில் படும். 28 வோல்ட்டுக்கு ஏற்றினால் நியூட்ரல் பக்கத்து 20 சதவீதம் பாதுகாப்பு இல்லாமல் போகும்.

கிரிட் பக்கம் எர்த் ஃபால்ட் வந்த அதே நேரத்தில் 59என் துடித்து அடங்கினால், டிரான்ஸ்ஃபார்மர் வைண்டிங்குகளுக்கிடையேயான கெப்பாசிட்டன்ஸ் வழியாக வந்தது. ரிலேயின் தாமதம் கிரிட் பக்கத்துப் பாதுகாப்பைவிட அதிகமாக இருக்கிறதா என்று பாருங்கள்.

என்ஜிடி செகண்டரி ரெசிஸ்டரையும் நான்கு வயர் லோ ஓம் மீட்டரால் அளங்கள். 0.6 ஓம் சர்க்யூட்டில் ஒரு லூஸ் லக்கே 0.1 ஓம் சேர்த்துவிடும். ரெசிஸ்டர் ஷார்ட் ஆகியிருந்தால் 59என் எந்த ஃபால்ட்டையும் பார்க்காது.

மேலே சொன்ன எதிலும் சிக்காமல், லிங்க் கழற்றிய மெஷின் பக்கமே மெகர் ரீடிங் குறைவாக இருந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். தயாரிப்பாளரின் சர்வீஸ் இன்ஜினியர் வந்து ஃபால்ட் இடத்தைக் கண்டுபிடித்து, கோரைச் சோதித்த பிறகுதான் காயில் வேலை. கோரைச் சோதிக்காமல் காயில் மட்டும் மாற்றித் தருகிறேன் என்பவரை ஏற்காதீர்கள்.

அறிகுறி 6: ஐப்பசி, கார்த்திகை மழையில் நின்றிருந்த மெஷின், மெகர் குறைவு

முதலில் ஸ்பேஸ் ஹீட்டர். மெஷின் நின்றதும் அது சூடாகிறதா என்று கையைப் பக்கத்தில் வைத்தாலே தெரியும். ஃபியூஸ் போயிருக்கும், அல்லது கரண்ட் பில்லை மிச்சப்படுத்த யாரோ ஆஃப் செய்திருப்பார்கள்.

415 வோல்ட் மெஷினுக்கு 500 வோல்ட் மெகரில் ஒரு நிமிடத்தில் 5 மெகா ஓம், 11 கிலோவோல்ட் மெஷினுக்கு 2,500 அல்லது 5,000 வோல்ட் மெகரில் 100 மெகா ஓம் குறைந்த அளவு. இவை வைண்டிங் 40 டிகிரியில் இருக்கும்போது. பத்து டிகிரி சூடு ஏறினால் ரீடிங் பாதியாகும். 30 டிகிரியில் 200 காட்டினால் அது 40 டிகிரியில் 100க்குச் சமம். உயர் அழுத்த மெஷினுக்குப் பத்தாவது நிமிட ரீடிங்கையும் எடுத்து, ஒரு நிமிட ரீடிங்கால் வகுங்கள். 2க்குக் கீழே இருந்தால் ஈரம் அல்லது அழுக்கு. ஒரு நிமிட ரீடிங்கே 5,000 மெகா ஓமுக்கு மேல் என்றால் அந்த விகிதத்தைப் பொருட்படுத்த வேண்டாம்.

கேபிளைக் கழற்றி, மெஷினை மட்டும் மறுபடி போடுங்கள். பல நேரம் குறை கேபிள் முனையிலோ டெர்மினல் போர்டிலோதான் இருக்கும். போர்டைத் துடைத்ததும் ஏறிவிடும்.

அடுத்து சுத்தம். பஞ்சுத் தூசு காயில் முனைகளில் மெத்தைபோல் படிந்து ஈரத்தைக் குடித்து வைத்திருக்கும். முதலில் வேக்கூம் வைத்து உறிஞ்சுங்கள். நேரே காற்று அடித்தால் அது இன்னும் உள்ளே போகும். பிறகு தண்ணீர் பிரிப்பான் உள்ள கம்ப்ரஸரில் இரண்டு கிலோ பிரஷருக்குள் அடியுங்கள்.

பிறகு உலர்த்தல். ஸ்பேஸ் ஹீட்டரோடு ஹாலஜன் விளக்குகளோ சூடான காற்றோ கொடுத்து, மேலே ஈரம் போக வழி விட்டு மூடுங்கள். வைண்டிங் சூடு மணிக்கு 5 டிகிரிக்கு மேல் ஏறாமல், 80 டிகிரியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மணிக்கொருமுறை மெகர் எடுத்து எழுதுங்கள். முதல் சில மணி நேரம் ரீடிங் இறங்கும். அதைப் பார்த்துப் பயந்து நிறுத்திவிடாதீர்கள். ஈரம் வெளியேறியதும் ஏறத் தொடங்கி ஒரு மட்டத்தில் நிற்கும். நின்றபின்தான் உலர்ந்தது என்று பொருள். ஒரு நாள் முழுக்க உலர்த்தியும் ஏறவில்லை என்றால், அல்லது ஜெனரேட்டர் அறையில் வெள்ளம் புகுந்து வைண்டிங் நனைந்திருந்தால், வைண்டிங் கடையில் கழுவி, ஓவனில் உலர்த்தி, வார்னிஷ் கொடுக்க வேண்டும். டெர்மினல்களை ஷார்ட் செய்து கரண்ட் விட்டு உலர்த்தும் முறையைத் தெரிந்தவர் இல்லாமல் தொடாதீர்கள்.

அறிகுறி 7: ரோட்டார் எர்த் ஃபால்ட் அலாரம்

மெஷின் நன்றாக ஓடிக்கொண்டே இருக்கும். முதல் எர்த்தில் கரண்ட் எதுவும் போகாது என்பதால் பலர் அலாரத்தை மியூட் செய்துவிடுகிறார்கள். இரண்டாவது எர்த் வந்ததும் ஃபீல்டு வைண்டிங்கில் (ரோட்டாரில் காந்தம் உண்டாக்கும் வைண்டிங்) ஒரு பகுதி ஷார்ட் ஆகி, காந்த இழுப்பு ஒரு பக்கம் சாய்ந்து, மெஷின் அதிர ஆரம்பிக்கும். பேரிங் போகும், மோசமானால் ரோட்டார் ஸ்டேட்டரில் உரசும். அலாரம் வந்தால் அடுத்த வசதியான நேரத்தில் நிறுத்துங்கள். அலாரத்தோடு அதிர்வும் ஏறினால் அந்த நிமிடமே நிறுத்துங்கள்.

பிரஷ் உள்ள மெஷின் என்றால் பிரஷ் உரசி உதிர்ந்த கார்பன் தூசிதான் முதல் காரணம். ஸ்லிப் ரிங் இடைவெளி, பிரஷ் ஹோல்டரின் இன்சுலேஷன் இரண்டையும் வேக்கூம் வைத்து, உலர்ந்த துணியால் துடைத்து, 500 வோல்ட் மெகர் போடுங்கள். ஏறியிருந்தால் பிரஷ் ஸ்பிரிங் அழுத்தம் அதிகமா, பிரஷ் கிரேடு மாறியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் மறுபடியும் வரும்.

பிரஷ் இல்லாத மெஷினில் சுழலும் டயோடுகளை ஷார்ட் செய்த பிறகுதான் மெகர். இல்லையென்றால் டயோடு போகும். ஏவிஆரிலிருந்து எக்ஸைட்டர் ஃபீல்டுக்குப் போகும் வயர்களையும் தனியாகச் சோதியுங்கள். அது ரோட்டார் இல்லை, ஆனால் அலாரத்தில் அதுவாகவே தெரியும்.

நிற்கும்போது நல்ல ரீடிங், ஓடும்போது மட்டும் அலாரம் என்றால் சுழலும் வேகத்தில் காயில் நகர்ந்து இரும்பில் படுகிறது. இதை நின்ற மெஷினில் எந்த மெகரும் காட்டாது. வேகத்தைப் படிப்படியாக ஏற்றி ஒவ்வொரு படியிலும் ரீடிங் எடுக்கும் வசதி தயாரிப்பாளரிடம்தான் இருக்கும். ரோட்டாரை வெளியே எடுத்துக் கட்டு மாற்றியபின் டைனமிக் பேலன்ஸிங் செய்த சான்றிதழோடுதான் திரும்ப வாங்க வேண்டும்.